தாழ்பாலத்து அளவுக் கம்பம்

ஐஸ் வண்டி ஓட்டும் மாப்பிள்ளையைக் கடலோரச் சாலையில் எல்லாரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே ஈ, காக்கை இல்லாவிட்டாலும் வளைவில் ஹாரன் அடிப்பார். அவர் போய்ச் சேர்வதற்குள் ஐஸ் பாதி உருகிவிடும் என்று கேலி வேறு. அப்பேர்ப்பட்டவரை வண்டியோடு வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றால் யார்தான் நம்புவார்கள்?

காயலுக்கும் ஆற்றுக்கும் நடுவே சாலை தாழ்ந்து போகுமிடத்தில் ஒரு சின்னப் பாலம். மழைக்காலத்தில் அதன் மேலேயே தண்ணீர் ஓடும். ஆழம் காட்ட ஓரத்தில் அடிக்கணக்கு எழுதிய கம்பம் உண்டு. இரண்டு அடிக்கு மேல் சிவப்பு. தண்ணீர் சிவப்பைத் தொட்டால் வண்டி போகக்கூடாது. அந்தக் கம்பத்தை நட்டு, பெயிண்ட் அடித்துப் பராமரிப்பது சாலைப் பணியாளரான மாமனாரின் வேலை.

வெள்ளம் வடிந்தபின், பாலத்துச் சுவரில் படிந்த சேற்றுக் கோட்டை அளந்து அதிகாரி இரண்டரை அடி என்று எழுதினார். போதாதா? சிவப்பைப் பார்த்தும் வண்டியை விட்டிருக்கிறான், திமிர் என்று ஊர் வாய்க்கு வந்ததைப் பேசியது.

எட்டு நாளாகியும் மகள் அழவில்லை. மாப்பிள்ளையின் சட்டைகளைச் சுருட்டி மூட்டை கட்டினாள்.

"பாலத்துக்கிட்ட நின்னு போன் பண்ணாருப்பா. ஒன்றரை அடிதான் இருக்குன்னாரு. கடைசியா எங்கிட்ட பொய் சொல்லிட்டுப் போயிட்டாரு."

அது பொய்யில்லை என்று தெரிந்த ஒரே ஆள் மாமனார்தான்.

லாரி இடித்துச் சாய்த்த கம்பத்தை வெள்ளத்துக்கு முந்தின நாள்தான் திரும்ப நட்டார். குழியில் ஊற்று பொங்க, ஒரு அடி குறைவாகவே தோண்டினார். சாலை நடுவிலிருந்து கம்பத்தின் பூஜ்யக் கோட்டுக்கு நூல் பிடித்துப் பார்ப்பது முறை. இருபத்தாறு வருடத்தில் அன்று ஒரு நாள்தான் பிடிக்கவில்லை. அடியில் மண்ணைக் குவித்து மூடிவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சைக்கிளை எடுத்தார். இரவோடு இரவாக மழை பிடித்துக்கொண்டது.

சொன்னால் மகளும் போய்விடுவாள். சொல்லாவிட்டால் செத்தவன் பொய்யனாகவே கிடப்பான். ஒன்பதாம் நாள் காலையில் அவளைப் பாலத்துக்குக் கூட்டிப்போனார்.

"இந்த நூலைச் சாலை நடுவுல தரையோட வச்சுப் பிடிச்சுக்கம்மா."

மறுமுனையைக் கம்பத்தருகே கொண்டுபோய், மட்டம் பார்த்து, குவித்திருந்த மண்ணைக் கையாலேயே வாரித் தள்ளினார். பூஜ்யக் கோடு நூலுக்கு ஒரு அடி மேலே நின்றது.

"ரெண்டரை அடித் தண்ணிக்கு இது ஒன்றரைன்னுதான் காட்டும். மாப்பிள்ளை பொய் சொல்லலம்மா. நான்தான்... நான்தான் நூல் பிடிக்காம நட்டுட்டேன்."

அவள் கம்பத்தையே பார்த்தாள். பிறகு அந்த எட்டு நாள் அழுகையும் சேர்ந்து வந்தது. சாலை நடுவிலேயே உட்கார்ந்து, "உங்களைப் போய்ப் பொய்யன்னுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கையைப் பிடிக்கப் போனார். தட்டிவிடுவாள் என்று நினைத்தார். அவள் தட்டிவிடவில்லை.

"ஒன்றரை அடிதான் காட்டுது, ஆனா இழுப்பு ஜாஸ்தியா இருக்கு, திரும்பிடவான்னு கேட்டாருப்பா" என்றாள். "எங்கப்பா நட்ட கம்பம், தப்பாது, தைரியமா வாங்கன்னு நான்தான் சொன்னேன்."