மேசையில் கிடந்த முகில் வில்லை

2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பதினாறாம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்னர், ஜிண்டபைன் ஏரிக்கரையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டிலிருந்து என் தம்பி அருந்தவனும் அவனுடைய மகள் நிரூபாவும் பனிமலைக்குப் புறப்பட்டார்கள். இங்கே ஓகஸ்ட் குளிர்காலம்; ஆனாலும் அன்று வானத்தில் ஒரு முகிலும் இல்லை. அருந்தவனின் பனிச்சறுக்குக் கண்ணாடியில் பூட்டியிருந்தது கருவில்லை. மாற்று வில்லை சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அவன் வாசலைத் தாண்டிய கணத்திலேயே அவன் மனைவி பவளம் அதைக் கண்டுவிட்டாள். கண்டவள் அவனைக் கூப்பிடவில்லை.

அந்த வில்லைகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அருந்தவனுக்கு இரண்டு கண்களிலும் புரை வளர்ந்திருந்தது. வலக்கண்ணில் மே மாதம் சத்திரசிகிச்சை செய்தார்கள். இடக்கண்ணுக்கு ஒக்டோபரில் நாள் குறித்திருந்தார்கள். சத்திரசிகிச்சைக்குப் பின்னர் வெளிச்சம் அவனை வருத்தியது. நார்த்மீட்டில் தன் வீட்டு முற்றத்தில் நிற்பதற்கே கறுப்புக் கண்ணாடி தேடினான். ஆனாலும் ஆண்டுதோறும் போகும் பனிச்சறுக்கை விட அவனுக்கு மனமில்லை. பரமட்டாவில் ஒரு கடையில் புதிய கண்ணாடி ஒன்றை வாங்கினான். நானும் உடன் சென்றிருந்தேன்.

அந்தக் கண்ணாடியின் வில்லைகள் காந்தத்தால் ஒட்டிக்கொள்பவை. வேண்டியபோது கழற்றி மாற்றலாம். ஒன்று நீலப் பளபளப்புள்ள கருவில்லை. உச்சி வெயில் பனியில் பட்டுத் தெறிக்கும்போது அணிவதற்கு உரியது. மிகக் குறைந்த வெளிச்சத்தையே உள்ளே விடும். மற்றையது வெளிறிய ரோசா நிறம். முகில் மூடிய நாளுக்கும் பனி கொட்டும் நேரத்துக்கும் உரியது. கடையில் நின்ற பெண் பொறுமையாக விளக்கினாள். முகில் மூடினால் பனியில் நிழல் விழாது. நிழல் இல்லாவிட்டால் மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகிவிடும். அந்த நேரத்தில் கருவில்லை அணிந்திருப்பவருக்கு எஞ்சியிருக்கும் சிறு வேறுபாடும் மறைந்துவிடும் என்றாள். அருந்தவன் அரைக் காதால் கேட்டான். தனக்குத் தொல்லை வெளிச்சம்தான், இருட்டு அல்ல என்று அவளுக்கு மறுமொழி சொன்னான். கருவில்லையை அங்கேயே பூட்டுவித்துக்கொண்டான்.

இரண்டு வில்லைகளுக்கும் ஒரே மாதிரியான கறுப்புத் துணிப்பைகள் தந்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு பொருள்களைப் பெயரிடாமல் வைப்பது குழப்பத்தை வரவேற்பதாகும். ஆகவே நான் வெள்ளை நாடாவில் எழுதி, ஒன்றில் 'வெயில்' என்றும் மற்றதில் 'முகில்' என்றும் தைத்துக் கொடுத்தேன். அருந்தவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, நேசறிப் பிள்ளையின்ரை புத்தகப் பைக்குப் பேர் தைச்ச மாதிரி இருக்கு."

"நேசறிப் பிள்ளை தன்ரை பையை மறக்காது" என்றேன்.

சனிக்கிழமை காலையில் எல்லாம் அவசரமாயிற்று. சனிக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு ராகு காலம் தொடங்கும். அதற்கு முன்னர் அவர்கள் வெளியே கால் வைத்துவிட வேண்டும் என்பதில் பவளம் உறுதியாக இருந்தாள். நான் குசினியில் பாணுக்குச் சீனிச்சம்பல் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசியில் வானிலை அறிவித்தலைப் பார்த்து உரக்க வாசித்தேன். நண்பகலுக்குப் பின் மேற்குக் காற்று வலுக்கும், மலையுச்சியில் முகில் தாழும் என்று இருந்தது. அருந்தவன் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினான். ஏரி முழுவதும் வெயில் பளபளத்தது. வானத்தை நம்புவதா, தொலைபேசியை நம்புவதா என்று கேட்டான். நிரூபா தன் கண்ணாடியில் வெளிர் வில்லையைப் பூட்டிக்கொண்டு, தகப்பனிடமும் இரண்டாவது வில்லையைச் சட்டைப்பையில் வைக்கும்படி சொன்னாள். அவனும் 'முகில்' என்று எழுதிய பையை எடுத்தான். பிறகு சப்பாத்தின் கொழுவியை மாட்டுவதற்காக அதை மேசையில் வைத்தான். பவளம் மணிக்கூட்டைக் காட்டினாள். போட்டு வாறம் என்று இரண்டு குரல்கள் கேட்டன. கதவு சாத்தப்பட்டது.

நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது பவளம் மேசையருகே நின்றாள். பை அவள் கையில் இருந்தது. வெளியே கார் இயங்கும் சத்தம் கேட்டது. அவள் உதடுகள் திறந்தன. பிறகு மூடிக்கொண்டன. கார் சரளைக்கல்லில் உருண்டு வீதிக்கு ஏறியது.

"ஏன் கூப்பிடேல்லை?"

"வாசல் தாண்டிப்போட்டார், மச்சாள். பின்னாலை கூப்பிட்டால் போற காரியம் விளங்காது."

அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு உரிமை குறைவு. எங்கள் தாயும் அப்படித்தான்; நாங்கள் அனைவரும் அப்படித்தான் வளர்ந்தோம். புறப்பட்டவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்பதில்லை; முதுகுக்குப் பின்னால் பெயர் சொல்லி அழைப்பதில்லை. இதனால் பஸ்ஸைத் தவறவிட்டவர்களையும் குடையை மறந்து நனைந்தவர்களையும் நான் அறிவேன். ஆனால் மலைக்குப் போகும் மனிதனின் கண் மேசையில் கிடந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

நான் உடனே நிரூபாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பவளம் அதுவும் கூப்பிடுவதுதானே என்று முணுமுணுத்தாள். நிரூபா பேசினாள். நான் சொன்னதைத் தகப்பனிடம் சொல்லித் திரும்பிப் போகலாமா என்று கேட்டாள். அவன் பதில் எனக்கே கேட்டது. புறப்பட்டுத் திரும்புவது கூப்பிடுவதைவிடக் கூடாதாம். வெயிலுக்குக் கருவில்லை போதுமாம்.

"மாமி, அப்பா திரும்பமாட்டாராம்" என்றாள் நிரூபா. "நான் பாத்துக்கொள்ளுறன்."

முற்பகலில் ஏரியின் நிறம் மாறத் தொடங்கியது. முதலில் மறுகரையிலிருந்த மரங்களின் பச்சை மங்கியது. பிறகு மலையின் மேல்விளிம்பு காணாமற்போயிற்று. யாரோ அதை ஈரத் துணியால் துடைத்துவிட்டது போல் இருந்தது. காற்று வீட்டின் தகரக் கூரையைத் தட்டிப் பார்த்தது. பவளம் சன்னலுக்கும் மேசைக்கும் இடையில் நடந்தாள். பையை எடுப்பாள், வைப்பாள். நான் இரண்டு தொலைபேசிகளுக்கும் அழைத்தேன். இரண்டும் எட்டவில்லை.

"சால்வையை எடு" என்றேன். "மலை பஸ் வரப்போகுது."

பவளம் மறுக்கவில்லை. பையைத் தன் மேற்சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பஸ் ஏற ஏற வீதியோரத்து மரங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. எங்களுக்கு முன் இருந்த சிறுபிள்ளைகள் பனியைக் கண்டு ஆரவாரம் செய்தார்கள். சிறிது நேரத்தில் அவர்களும் அடங்கிவிட்டார்கள். சன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. சாரதி முன்னே போன கார் ஒன்றின் பின்விளக்கைத் தொடர்ந்து மெதுவாக ஓட்டினார்.

மலையடிவாரத்து மண்டபத்தில் ஈரக் கையுறைகளின் வாடையும் சூடான சொக்கலேற்றின் வாடையும் கலந்திருந்தன. சுவரில் இருந்த பலகையில், கம்பியில் தொங்கியபடி மேல்மலைக்கு ஆட்களை ஏற்றும் கதிரைகளின் பெயர்களுக்கு நேரே விளக்குகள் பச்சையிலிருந்து சிவப்பாக மாறிக்கொண்டிருந்தன. காற்றினால் அவற்றை நிறுத்துகிறார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். அப்படியானால் மேலே நிற்பவர்கள் எப்படி இறங்குவார்கள் என்று பவளம் என்னிடம் கேட்டாள். சறுக்கித்தான் இறங்க வேண்டும் என்றேன்.

நாங்கள் கதவருகே போய் நின்றோம். வெளியே நிலம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. முதலில் ஆட்களின் குரல்கள் வந்தன. பிறகு, கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், வெள்ளைக்குள்ளிருந்து அவர்களின் உருவங்கள் வந்தன. ஒருவரும் அருந்தவன் இல்லை.

பவளம் மேற்சட்டைக்குள் கையை விட்டுப் பையை எடுத்தாள். வில்லையை உருவி, இரண்டு கைகளாலும் முகத்துக்கு நேரே பிடித்து வெளியே பார்த்தாள். அப்படியே நின்றாள். வெறும் வெள்ளையாக எங்களுக்கு முன் கிடந்த நிலத்தில், கதவிலிருந்து சில அடி தூரத்திலேயே, பனி வாரும் இயந்திரம் விட்டுச்சென்ற ஆழமான வெட்டு ஒன்று இருந்தது. நான் அதைக் காணவில்லை. அவள் கண்டாள்.

"குழி தெரியுது, மச்சாள்" என்றாள். குரல் ஒரு முழம் தள்ளி நிற்பவருக்குக் கூடக் கேட்டிராது. "இதுக்குள்ளாலை குழி தெரியுது."

வில்லையை என்னிடம் தந்துவிட்டுச் சுவரோடு சாய்ந்துகொண்டாள். கடைசியாக எரிந்த பச்சை விளக்கும் சிவப்பாயிற்று.

நிரூபா தனியாகத்தான் வந்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தாள். கன்னங்கள் சிவந்து வெடித்திருந்தன. எங்களைக் கண்டதும், நாங்கள் கேட்பதற்கு முன்னரே, அப்பா உயிரோடு இருக்கிறார், மீட்புப் பணியாளர்கள் கொண்டு வருகிறார்கள் என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் நிலத்தில் உட்கார்ந்தாள்.

நடந்ததை அவள் விட்டு விட்டுச் சொன்னாள். உச்சியில் நிற்கும்போதே முகில் அவர்கள்மேல் இறங்கியது. வில்லையை மாற்ற வழியில்லை. தன் கண்ணாடியை அணியும்படி அவள் கொடுத்தாள்; பிள்ளையின் கண்ணைப் பறித்து இறங்குவதா என்று அவன் மறுத்தான். கருவில்லையைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணோடு இறங்கவும் பார்த்தான். காற்றிலே வந்த பனித்துகள் ஊசியாகக் குத்தியது. மறுபடியும் கருவில்லையைப் பூட்டிக்கொண்டான். அவள் முன்னால் போகிறேன் என்றாள். அதற்கும் அவன் இணங்கவில்லை. தகப்பன் முன்னே, மகள் பின்னே என்பது அவர்களுடைய வழக்கம்.

பாதி வழியில் பாதை வலப்பக்கம் திரும்புகிறது. இடப்பக்கம் ஓர் ஓடைப் பள்ளம். விளிம்பில் செம்மஞ்சள் கயிறு கட்டியிருக்கிறார்கள். ஒரு தூண் சாய்ந்ததால் கயிறு ஓரிடத்தில் பனிக்குள் புதைந்து கிடந்தது. நிரூபாவுக்குத் தன் வெளிர் வில்லையினூடாகப் பள்ளத்தின் விளிம்பு ஒரு சாம்பல் கோடாகத் தெரிந்தது. அருந்தவன் அந்தக் கோட்டை நோக்கி, வேகம் குறையாமல், நேராகப் போய்க்கொண்டிருந்தான். அவள் அவன் முதுகைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்: அப்பா, நில்லுங்கோ.

அவன் நின்றான். உடனே நிற்பதற்கு இருந்த ஒரே வழியில், பக்கவாட்டில் விழுந்து நின்றான். முழங்கால் திரும்பிவிட்டது. ஒரு காலின் சறுக்குப் பலகை கழன்று முன்னே போயிற்று. நிரூபா அருகே சென்று தன் பலகைகளைப் பனியில் குறுக்காக நட்டு, வந்த முதல் ஆளை உதவிக்கு அனுப்பினாள். மீட்புப் பணியாளர்கள் வந்த பின் அவளை முதலில் கீழே அனுப்பிவைத்தார்கள்.

அவனை இழுவைப் படுக்கையில் கொண்டுவந்தபோது அவன் முகம் பனியைவிட வெளிறியிருந்தது. பவளம் அவன் கையைப் பிடித்தாள். அவன் முழங்காலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"பலகை எனக்கு முன்னாலை போச்சு" என்றான். "எங்கையாவது இடிச்சுச் சத்தம் கேக்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். கேக்கேல்லை."

மறுநாள் காலை அவன் வாடகை வீட்டின் நீளக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தான். முழங்கால் நார் கிழிந்திருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். நான் ரொட்டி சுட்டுக் கொடுத்தேன். வில்லை மறுபடியும் மேசையில் இருந்தது. ஒருவரும் அதைத் தொடவில்லை. பவளம் திடீரெனச் சொன்னாள்.

"பின்னாலை கூப்பிட்டபடியாலைதான் விழுந்தவர்."

நிரூபா கோப்பையை வைத்துவிட்டுத் தாயைப் பார்த்தாள்.

"சீரியஸ்லி, அம்மா?"

"அவள்தான் விழுத்தினவள்" என்றான் அருந்தவன். "விழுத்தாட்டி நான் இதிலை இருந்து அக்காவின்ரை ரொட்டியைக் குறை சொல்லேலாது."

நான் பவளத்திடம், நேற்று அந்த வில்லையினூடாக என்ன கண்டாய் என்று கேட்டேன். அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவள் பிடிவாதக்காரி அல்லள். அவளுடைய பயம் ஒன்றல்ல, இரண்டு. இரண்டில் எது பெரியது என்று நேற்றுக் காலை அவளுக்குத் தெரியவில்லை. கதவருகே நின்றபோது தெரிந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்குச் சிறிது நேரம் வேண்டியிருந்தது.

"பின்னாலை நிண்டு கூப்பிட என்னாலை ஏலாது, மச்சாள்" என்றாள் கடைசியில். "ஆனா ஓடிப்போய் முன்னாலை நிப்பன். காருக்கு முன்னாலை எண்டாலும் நிப்பன்."

அருந்தவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு, காருக்கு முன்னால் நிற்பதென்றால் தான் கண்ணாடி போட்டிருக்கிறானா என்று பார்த்துவிட்டு நிற்கும்படி கேட்டுக்கொண்டான். அப்போதுதான் பவளம் அழுதாள்.

இறுதியாகத் தீர்மானிக்கப்பட்டவை இவை. இடக்கண்ணின் சத்திரசிகிச்சை முடிந்து, மருத்துவர் அனுமதி தரும்வரை அருந்தவன் மலைக்குப் போவதில்லை. போகும்போது முகில் வில்லை பூட்டிய கண்ணாடியோடுதான் வாசலைத் தாண்டுவான். கருவில்லை அவனுடைய சட்டைப்பையில் இருக்கும். மலையில் வெயிலைக் கண்ட பின்னரே மாற்றுவான். முகில் இறங்கினால் நிரூபா முன்னே போவாள், அவன் பின்னே வருவான். எதையாவது மறந்து புறப்பட்டவரை, கண்டவர் தடுத்தே ஆக வேண்டும். பின்னால் நின்று கூப்பிடுவதா, முன்னால் போய் நிற்பதா என்பது அவரவர் விருப்பம். நால்வரும் உடன்பட்டோம். ஞாயிறு பிற்பகல், ராகு காலம் முடியக் காத்திராமல், நிரூபா கார் ஓட்ட நாங்கள் நார்த்மீட்டுக்குத் திரும்பினோம். கழன்று போன சறுக்குப் பலகை இன்னும் கிடைக்கவில்லை.