இல்லாத பித்தப்பைக் கல்

பெரியவர் எலெயுதேரியோவுக்குக் கணையத்தில் புற்று என்பது எல்லையோர லரேடோ ஊரில் அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். முடிவெட்டுகிறவனுக்குத் தெரியும், ரொட்டிக் கடைக்காரிக்குத் தெரியும், தெருநாய்க்குத் தெரிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. அவரிடம் மட்டும் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்திருந்தார்கள். நாற்பது வருஷம் லாரி ஓட்டி, எல்லைச் சாவடி அதிகாரிகளின் முகத்தைப் பார்த்தே மனதைப் படித்த மனுஷர் அதை அப்படியே நம்பிவிட்டாராம். அவர் நம்பிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தவள் மூத்த மகள் எல்வீரா.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வீட்டு வழக்கம் அது. விஷயத்தைச் சொன்னால் மனசு விட்டுவிடுவார், மனசு விட்டால் ஆளே போய்விடுவார் என்று ஒரு நினைப்பு. அம்மாவிடமும் கடைசிவரை வெறும் ரத்தசோகை என்றுதான் சொன்னார்கள். அம்மா என்னவோ போய்த்தான் சேர்ந்தாள். அதுவும் தொண்டையில் குழாயோடு பதினொரு நாள் கிடந்து, குழாயைப் பிடுங்காதபடி இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவைத்து. அந்தக் கைகளை எல்வீரா இன்னும் மறக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து கோர்ட்னி என்ற பெண் வந்தாள். லத்தீன் அமெரிக்க நோயாளிகளின் பண்பாட்டை மதிப்பது எப்படி என்று ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் முழுக்கப் படித்துத் தேறியவள். கையில் ஒரு புத்தகம். அட்டையில் பெரிய வைக்கோல் தொப்பி போட்ட கிழவர் ஒருவர், சாகப் போவதில் அப்படி ஒரு சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் எவன் தலையிலும் அப்படி ஒரு தொப்பியை யாரும் பார்த்ததில்லை.

"உங்க ஆளுங்களுக்குக் குடும்பம்னா உயிர் இல்லையா?" என்று உருகினாள் கோர்ட்னி.

'உங்க ஆளுங்களுக்கு என்ன, தபால்காரனா உயிர்?' என்று கேட்க நினைத்து, எல்வீரா காபி ஊற்றினாள்.

"மூச்சு நின்னா குழாய் போடணுமா, இல்ல வீட்டுலயே நிம்மதியா விடணுமா? அவரால பேச முடியாமப் போனா யார் முடிவு சொல்லணும்? இதெல்லாம் இந்தப் புத்தகத்துக்குள்ள இருக்கற தாள்ல அவரே எழுதிக் கையெழுத்துப் போடணும். தாள் காலியா இருந்தா டாக்டருங்க எல்லாத்தையும் செஞ்சுதான் ஆவாங்க. அவர்கிட்ட பேசுங்க."

"எதைப் பத்தி?"

"அவர் சாவைப் பத்தி."

"அதைத் தவிர எதை வேணும்னாலும் பேசுறேன்," என்றாள் எல்வீரா. கோர்ட்னி போனதும் புத்தகத்தைக் குப்பைக் கூடையில், காபிச் சக்கைக்கு அடியில் புதைத்தாள். தம்பி ரொஹேலியோ ஹூஸ்டனிலிருந்து போனில் கத்தினான்: "எல்லாம் செய்யச் சொல்லுக்கா! ஒண்ணு விடக்கூடாது!" கிறிஸ்துமஸுக்கு மட்டும் முகம் காட்டுகிற பிள்ளைக்குப் பாசம் தொண்டையில்தான் இருக்கும்.

அப்பா மெலிந்துகொண்டே போனார். சாகுமுன் சர்ச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிக்கிற அவஸ்தைபூசுதல் இல்லாமல் போய்விடுவாரோ என்று எல்வீராவுக்குப் பயம் வந்தது. ஆனால் அங்கி போட்ட சாமியார் வாசலில் நின்றால் அதைவிடச் சத்தமாகச் சாவைச் சொல்ல முடியுமா? யோசித்து யோசித்து ஒரு மகா திட்டம் போட்டாள். ஃபாதர் அன்செல்மோ குழாய் ரிப்பேர்காரராக வருவார். சூப் குடித்துவிட்டு அப்பா தூங்கும்போது நைஸாகப் பூசிவிடுவார்.

"இது பொய்யில்லையாம்மா?" என்றார் சாமியார், வாசலில் நின்று. நீலச் சட்டை, கையில் டூல் பாக்ஸ், அதற்குள் பரிசுத்த எண்ணெய்.

"நீங்க வாயே திறக்க வேணாம் சாமி. ஸ்பேனரைப் பிடிச்சுக்கிட்டு வாங்க, போதும்."

அப்பா தூங்கவில்லை. சாய்வு நாற்காலியில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சாமி! எண்ணெய்தான் போன மாசமே பூசியாச்சே, மறந்துட்டீங்களா? சரி, வந்ததுதான் வந்தீங்க, அடுப்படிக் குழாய் நெசமாவே ஒழுகுது. அதைப் பாருங்க."

எல்வீரா சாமியாரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

"அவர் உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னார். நீ அவர்கிட்ட சொல்லக் கூடாதுன்னே. நடுவுல நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று சொல்லிவிட்டு மனுஷர் அடுப்படிக்குள் ஓடியே போனார்.

"அப்பா... உங்களுக்கு எப்படி..."

"எட்டு வருஷமா பேசாத என் தங்கச்சி கேக்கோட வந்து தேம்பித் தேம்பி அழுதா. பித்தப்பைக் கல்லுக்கு எவளாவது அப்படி அழுவாளா?"

நாற்காலி மெத்தைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தார். தொப்பிக் கிழவர் முகமெல்லாம் காபிக் கறை. உள்ளே தாளில் எல்லாம் எழுதியிருந்தது. குழாய் வேண்டாம், மிஷின் வேண்டாம், இந்த நாற்காலி போதும். ஒரே ஒரு வரி காலி. முடிவு சொல்ல வேண்டியவர் பெயர்.

"இதை விட்டுட்டீங்களே?"

"விடல. உண்மையைச் சொல்ற பிள்ளை பேரை எழுதலாம்னு மூணு வாரமா பேனாவை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒருத்தரும் வரல. என் முகத்தைப் பாத்தே சொல்ல முடியாதவ, நாளைக்கு டாக்டர் முகத்தைப் பாத்து என்னத்தைச் சொல்லுவே? உங்க அம்மா கையைக் கட்டுனப்போ நானும்தான் வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

"பித்தப்..." என்று ஆரம்பித்தது எல்வீராவின் வாய், பழக்கதோஷம். சட்டென்று நிறுத்தினாள். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்த மெலிந்த கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, உங்களுக்குப் புற்றுநோய். நீங்க சாகப்போறீங்க."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அழுகை ஓய்ந்ததும் அந்தக் காலி வரியில் அவள் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழாயோடு தோற்றுப்போய் நனைந்து வந்த சாமியாரும், பக்கத்து வீட்டுக்காரியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

சாயங்காலம் ரொஹேலியோ கூப்பிட்டான். "அப்பாவுக்கு ஒண்ணும் தெரிஞ்சுடலையே?"

எல்வீரா அப்பாவைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் சொன்னேன்," என்றாள். "குழாய் கிடையாது தம்பி. கையைக் கட்ட விடமாட்டேன். கத்தாதே, இப்பவே கிளம்பி வா. அப்பாவுக்கு உன்கிட்ட பேசணுமாம்."