வல்லூறின் வயிற்றில் பால்

1

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. வேன் ஓட்டுகிற தம்பா, முடிவெட்டும் கடையில் பாதித் தலை மழித்த நிலையில் சொன்னது. மீதித் தலையை மழித்து முடிப்பதற்குள் கதை இரண்டு தடவை மாறிவிட்டது. மூன்றாவது வடிவம் என்னுடையது. வானிலை நிலையத்தில் இருந்த காலமெல்லாம் காற்றின் வேகத்தை உள்ளது உள்ளபடி எழுதிக்கொடுத்தவன் நான். ஓய்வு பெற்றதும் அதற்கெல்லாம் சேர்த்து வட்டியோடு புளுகிக்கொண்டிருக்கிறேன். காற்று வரும் இடங்களில் பாதியைக் கழித்துப் படியுங்கள்.

2

தொடக்கம் சரியாக வரவில்லை.

“கிழக்கு மங்கோலியாவின் அந்தப் புல்வெளியில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு மரம்கூட” (போதும். இல்லாத மரத்துக்கு எதற்கு இத்தனை சொல்?)

“வல்லூறுக் குஞ்சின் பின்புறத்தில் பஞ்சுக்குச்சியை நுழைத்தபோது நொமுன்தாரி என்ன நினைத்தாள் என்றால்” (இப்படித் தொடங்கினால் கௌரவமானவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.)

மூடுகிறவர்கள் மூடட்டும். கதையே அந்தக் குச்சியில்தான் இருக்கிறது.

நொமுன்தாரி தலைநகரத்தில் கிருமி ஆராய்கிறவள். அருகிவரும் சாக்கர் வல்லூறுகளின் வயிற்றில் என்னென்ன பாக்டீரியா குடியிருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. மரமில்லாத வெளியில் இந்தப் பறவை உயரம் தேடி மின்கம்பத்தில் போய் உட்கார்ந்து கருகிச் சாகும். அதற்காகவே கம்பியில்லாத வெறும் கம்பங்களை நட்டு, உச்சியில் கூடு வைக்கப் பீப்பாய் மாட்டியிருந்தார்கள். வல்லூறுகள் வந்தன, முட்டையிட்டன. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் குஞ்சுகள் வற்றி வற்றிச் செத்தன. காரணம் தெரியவில்லை. கம்பங்களைப் பிடுங்கி வேறெங்காவது நட்டுவிடலாம் என்று நகரத்தில் ஒரு குழு முடிவெடுக்கத் தயாராக இருந்தது. பிடுங்கிவிட்டால் இங்கே இருக்கும் வல்லூறுகளுக்கு மறுபடி மின்கம்பம்தான்.

ஒரே ஒரு கூட்டில், செவெல்மா என்ற ஆடு மேய்க்கும் அம்மாளின் கூடாரத்துக்கு எதிரே இருந்த கூட்டில், போன வருடம் குஞ்சுகள் எல்லாமே கொழுத்துப் பறந்துபோயின. அவற்றிடம் எடுத்த குச்சிகளைச் சோதித்தால் உள்ளே பால் புளிக்கவைக்கும் பாக்டீரியா கூட்டம் கூட்டமாக! இறைச்சியைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காத பறவையின் வயிற்றில் ஒரு தயிர்க்கடையே நடந்துகொண்டிருந்தது. இதுதான் அந்தக் குஞ்சுகளைக் காப்பாற்றியது, மற்றவற்றுக்கும் கொடுக்கலாம், கம்பங்கள் நிற்கட்டும் என்று குழுவின் முன் பேச நொமுன்தாரி முடிவு செய்தாள். அதற்கு முன் இந்த வருடக் குஞ்சுகளையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

3

நொமுன்தாரி மேல் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு கவனமான பெண் இப்படிக் கோட்டைவிடுவாளா? நான் அவளைப் பார்த்ததில்லை. நல்ல உயரம் என்றான் தம்பா. தம்பாவுக்கு எல்லோருமே உயரம்தான்.*

* எதையும் தொடாத வெறும் குச்சி ஒன்றையும் சேர்த்துச் சோதித்திருந்தால் போன வருடமே குட்டு வெளிப்பட்டிருக்கும். வைத்துத்தான் இருந்தாள். காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சீன எல்லைக்கு அந்தப் பக்கம் போட்டது. (பாதி கழியுங்கள். சரி, முக்கால்.)

4

நொமுன்தாரியை ஏற்றிவந்த வேன் செவெல்மாவின் கூடாரத்துக்கு முன் நின்றதும் தம்பா, வாசலுக்கு வருகிறவர்கள் குரல் கொடுக்கும் அந்த ஊர் முறைப்படி கத்தினான். “நாயப் பிடிங்க!”

“நாய் செத்து ரெண்டு குளிர்காலம் ஆச்சு. உன்னைத்தான் பிடிச்சுக் கட்டணும்” என்று செவெல்மா வெளியே வந்தாள்.

உள்ளே உப்புத் தேநீர் வந்தது. கல்லோடு பந்தயம் கட்டுகிற காய்ந்த தயிர்க்கட்டி வந்தது.

“ஏன் பொண்ணே, இந்த வருஷமும் அதுங்க பின்னாடியேதான் போவியா? இதுக்குத்தான் உங்கம்மா உன்னை அவ்ளோ படிக்க வச்சாளா?”

“வயித்துல என்ன இருக்குன்னு பாக்க அதுதான்க்கா வழி.”

“வாயி என்ன சின்னதாவா இருக்கு?”

“வாயிலயும் எடுப்பாங்க” என்றான் தம்பா. “ரெண்டு வாசல்லயும் சுங்கச்சாவடி.”

மறுநாள் காலை நொமுன்தாரி புல்லில் பெட்டியைத் திறந்துவைத்து, குச்சிகளைத் தட்டு வாரியாக அடுக்கினாள். எதிர்க் கூட்டுக்கு உரியவை, முதலில் எடுக்க வேண்டியவை என்பதால், மேல்தட்டில் இருந்தன. செவெல்மா அன்றைய முதல் பாலும் குழிகள் வைத்த மரக்கரண்டியுமாக வந்தாள். வானத்துக்கு ஒரு வீச்சு. நாலு திசைக்கும் வீச்சு. வேன் சக்கரத்துக்கு, தம்பாவின் தொப்பிக்கு. பிறகு, அதே கை வாகில், திறந்திருந்த பெட்டிக்கு.

மேல்தட்டுக் குச்சிகளில் பால்துளிகள் தெறித்திருந்ததை நொமுன்தாரி குனிந்து பார்த்தாள்.

“அக்கா... இப்ப பெட்டி மேலயா தெளிச்சீங்க?”

“என் வாசல்லேருந்து கிளம்புற எதுக்கும் தெளிப்பேன். பெட்டி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?”

“போன வருஷம்?”

“போன வருஷம் இன்னும் தாராளமா. ஆடு நல்லாக் கறந்துச்சு.”

“கூட்டுக்கு? குஞ்சுங்களுக்கு?”

“அதுங்க எங்கயும் கிளம்பலியே!” செவெல்மா கரண்டியைத் தட்டினாள். “காத்து எதையாச்சும் அந்தப் பக்கம் கொண்டுபோயிருந்தா அது காத்தோட பாடு.”

தம்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “ஒரு வருஷமா நீ வல்லூறை ஆராயல, பொண்ணு. இந்தம்மா வீட்டு ஆட்டை ஆராஞ்சிருக்க!”

(இந்த இடத்தில் “அவள் கண்களில்” என்று தொடங்கி ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அவள் அழவில்லையாம். சட்டைப்பையிலிருந்த தயிர்க்கட்டியை எடுத்துக் கடித்தாளாம். அந்தச் சத்தத்துக்கு ஆடுகள் திரும்பிப் பார்த்தனவாம்.)

“என் பால் அழுக்குங்கிறியா?” செவெல்மாவின் முகம் மாறியிருந்தது.

“அழுக்கில்லக்கா. இருக்கக்கூடாத இடத்துல இருக்கு.”

“வானத்துக்கு ஆகுற பாலு, உன் குச்சிக்கு ஆகாதாக்கும்.”

பெட்டியின் அடியில் ஒட்டுப் பிரிக்காத குச்சிப் பொட்டலம் ஒன்று கிடந்தது. நனையாதது. நொமுன்தாரி கையைக் கழுவி, புது உறை மாட்டி, அதை எடுத்துக்கொண்டு கம்பத்தை நோக்கி நடந்தாள். தம்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

“போன வருஷக் கதையே நல்லாத்தான இருந்துச்சு? அதையே சொல்லிடேன்.”

“அது ஆட்டோட கதைண்ணே.”

“கம்பம் நிக்குமில்ல?”

அவள் கம்பத்தைக் காட்டி ஏணியைச் சாத்தச் சொன்னாள்.

5

முடிவுகள் எனக்கு ஏராளமாக வருகின்றன. அதுதான் தொல்லை.

புதுக் குச்சியிலும் பால் பாக்டீரியா இருந்துவிடுகிறது. குழு எழுந்து நின்று கைதட்டுகிறது. அடுத்த வசந்தத்தில் இந்த மாகாணத்தில் உள்ள ஒவ்வொரு மேய்ப்பரும் தூக்குவாளியோடு கம்பம் ஏறுகிறார். வல்லூறுகள் வாத்து மாதிரிப் பருத்து, பறக்கச் சோம்பல்பட்டு, எலிகளோடு சமாதானமாகப் போய்விடுகின்றன. இதை எழுதியபோது தனியாக உட்கார்ந்து நெடுநேரம் சிரித்தேன். பிறகு கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: குச்சியில் பால் இல்லை. அவள் உள்ளதைச் சொல்கிறாள். கம்பங்களைப் பிடுங்குகிறார்கள், குஞ்சுகள் பிழைத்த அந்த ஒன்றையும் சேர்த்து. அவை ஏன் பிழைத்தன என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாது. மறுவருடம் அந்த ஜோடி திரும்பி வந்து, கூட்டைத் தேடி, மின்கம்பத்தில் (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனமில்லை.)

தம்பாவுக்குப் பிடித்தது வேறு. குச்சியைத் தொடாமலே அவள் இறங்கிவிடுகிறாள். போன வருடத்து ஆட்டைக் குழுவின் முன் வல்லூறாக நிறுத்துகிறாள். கம்பங்கள் நிற்கின்றன. “நல்ல முடிவுதான?” என்று கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கேட்டான். முடிவெட்டுகிறவர் அவன் தலையைப் பிடித்துக் குனியவைத்தார்.

உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டேன். “அதுக்குள்ள என் தலை முடிஞ்சிருச்சே” என்று எழுந்து போய்விட்டான்.

6

ஆக, அவளை ஏணியின் மேல்படியில் நிறுத்திவைத்திருக்கிறேன். தம்பா கீழே பிடித்துக்கொண்டிருக்கிறான். செவெல்மா தள்ளி நின்று, கரண்டியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முறைக்கிறாள். தாய்ப் பறவை மேலே வட்டமடித்துக் கத்துகிறது. பீப்பாய்க்குள் குஞ்சுகள் மல்லாந்து விழுந்து நகத்தைக் காட்டிச் சீறுகின்றன. பால் குடித்த குஞ்சுகளா, குடிக்காதவையா என்று பார்த்தால் தெரியவில்லை.

பொட்டலத்தை அவள் பிரித்துவிட்டாள். பிரித்தபின் அதிக நேரம் கையில் வைத்திருக்கக் கூடாது. அந்தக் குச்சியை வாங்கி நானே முடித்துக்கொடுக்கலாம்தான். ஆனால் என் கை பட்டது எதுவுமே உள்ளபடி இருப்பதில்லை, பார்த்தீர்களே.

நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். இதோ, இந்த முனையைப் பிடியுங்கள். நன்றாகப் பிடித்துக்கொண்டீர்களா? பஞ்சைத் தொட்டுவிடாதீர்கள்.