சம்மாட்டியின் பெட்டிச் சைக்கிள்

கனகலிங்கம் சைக்கிளைக் கவிழ்த்துச் சாக்கின் மேல் நிறுத்தினார். முல்லைத்தீவுச் சந்தை ஓரத்தில் இருந்த அவருடைய ஓலைக் கொட்டிலின் வாசலில் தவராசா குந்தியிருந்தான். வள்ளங்கள் கரைக்கு வருவதற்குள் சைக்கிள் தயாராக வேண்டும். உடையார்கட்டுப் பக்கம் மீன் கொண்டுபோக இன்றைக்குத்தான் அவனுக்கு முதல் நாள். போன மாரிவரை அந்த வேலையைப் பார்த்தவன் அவனுடைய தமையன் சின்னராசா. சைக்கிளும் அதே சைக்கிள்தான்.

மீன்பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரில் மிதிக்காதபோதும் சில்லை ஓடவிடும் பிறீவீல் இறுகிவிடுகிறது என்று, வள்ளங்களுக்கும் சைக்கிளுக்கும் சொந்தக்காரரான சம்மாட்டி அதைக் கழற்றுவித்து, சில்லோடு சேர்ந்தே சுற்றும் பல்லுச்சக்கரத்தைப் பூட்டுவித்திருந்தார். சில்லு ஓடும்வரை பெடலும் ஓடும். காலை ஆறவிட முடியாது. நிற்பாட்டப் பெடலை எதிர்த்து மிதிக்க வேண்டும். பிறேக் துருப்பிடித்து உதிர்ந்தபோது, பெடலே போதும் என்று அதையும் விட்டுவிட்டார். உடையார்கட்டுக் குளக்கட்டு இறக்கத்தில் செயின் கழன்று, சின்னராசா பெட்டியோடு மதகில் போய் மோதிச் செத்தான்.

கனகலிங்கம் பின்நட்டுகளை இளக்கி, சில்லைப் பின்னுக்கு இழுத்துச் செயினை இறுக்கினார். பிறகு சில்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டார். ஆளில்லாத பெடல்கள் இரண்டும் மாறி மாறி மேலே வந்து கீழே போயின. யாரோ அவசரமாக மிதிப்பது போலவே இருந்தது. தவராசா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நிப்பாட்டுங்கோ அண்ணை."

"பாக்காமல் விடேலாது. ஒரு இடத்தில இறுகுது, இன்னொரு இடத்தில தொய்யுது. தொய்யிற இடத்திலதான் கழலும்."

செயின் பக்கத்து நட்டை முதலில் இறுக்கினார். பின்கவைக்கு நடுவில் வரும்வரை சில்லைக் கையால் தள்ளிப் பிடித்து மற்ற நட்டையும் இறுக்கினார். சில்லு நேராக நின்றது. செயினோ விரலால் அமத்தத் தொங்கியது.

"இனிப் பின்னுக்கு இழுக்க இடமில்லை. செயின் தேஞ்சு நீண்டு போச்சு. புதுச் செயின் இல்லாட்டி ஒரு பிறேக் எண்டாலும் வேணும். சம்மாட்டியாரிட்டைச் சொன்னனியே?"

"சொன்னனான். இதைத் தந்துவிட்டவர்."

தவராசா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். இரண்டு தேசிக்காய், ஒரு மஞ்சள் நூல், கற்பூரம்.

"எங்கட அண்ணையின்ரை ஆவி சைக்கிளிலை ஏறி நிக்குதாம். பூசாரியைக் கொண்டு கழிப்புக் கழிச்சாச்சாம். இனி ஒண்டும் வராதாம்."

வந்த கோபத்தில் கனகலிங்கம் ஸ்பானரை நிலத்தில் எறிந்தார். அந்த நேரம் கருவாடு காயப்போடும் வாடியிலிருந்து சின்னராசாவின் மனைவி இராசேஸ்வரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். கையெல்லாம் மீன் செதில்.

"பூட்டிக் குடுக்காதேங்கோ அண்ணை! ஏலாதெண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் இவன் கேப்பான்."

"நான் போகாட்டி சம்மாட்டியார் நாளைக்கே தன்ரை வளவை விட்டு எழும்பச் சொல்லுவார் மச்சாள்," என்றான் தவராசா. "பிள்ளையளோட எங்கை போவியள்?"

கனகலிங்கம் இருவரையும் பார்த்தார். ஸ்பானரை எடுத்து மறுபடி நட்டுகளை இளக்கினார். தேய்ந்த கண்ணிகளில் ஒரு சோடியைத் தட்டிக் கழற்றி, செயினைக் கட்டையாக்கிப் பூட்டி, மீண்டும் சில்லை நேர் பார்த்தார்.

"இண்டைக்குத் தாங்கும். நாளைக்கு என்னைக் கேளாதை."

தவராசா நூலைக் கைபிடியில் கட்டினான். கற்பூரம் கொளுத்தி, சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய்களை வைத்து, அவை நசிய ஏறி மிதித்தான். வீதிக்கு ஏறியதும் வலது காலைப் பெடலிலிருந்து எடுத்து, வெறும் உள்ளங்காலை முன் சில்லின் ரயரில் வைத்து அழுத்திப் பார்த்தான். செயின் கழன்றால் இப்படித்தான் நிற்பாட்ட வேண்டும் என்று அவன் பழகுகிறான்.

இராசேஸ்வரி முகத்தைப் பொத்திக்கொண்டாள். சின்னராசாவின் உடலைக் கொண்டுவந்து கிடத்தியபோது, அவன் காலைக் கட்டிப்பிடித்து அழுதவள் அவள். வலது உள்ளங்காலில் தோல் இருக்கவில்லை.