காற்று பார்க்கும் துணி

போடியிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் ஏலப்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, நீ கொடுத்து வைத்தவள், என்ன காற்று என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் காற்றை இழுக்க முடியாமல்தான், எழுபத்து நாலில், என் ஆறு வயது மகள் சாந்தம்மாள் ஒன்பது மாதமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

தோட்டக் கூலிகளுக்கான எங்கள் லயத்து வீடு தேயிலை ஃபேக்டரிக்குக் கீழே, பள்ளத்தில். மேட்டில் துரை பங்களா, சுற்றிலும் மரமும் புல்தரையும். ஃபேக்டரி அடுப்புக்கு விறகு போடுவது என் வீட்டுக்காரர் மொக்கையன். பாதி விறகு வெட்டவெளியில் மழையில் ஊறிக் கிடக்கும். அதைப் போட்டால் புகை கண்ணை மறைக்கும். பகலில் காற்று மேட்டுக்கு ஏறும், சாயங்காலம் பள்ளத்துக்கு இறங்கும். அதனால் பகலில் காய்ந்த விறகு, காற்று திரும்பிய பிறகு ஈர விறகு என்பது துரை உத்தரவு.

இந்த மனிதர் இருக்கிறாரே, உத்தரவு என்றால் உயிரை விடுவார். என் பழைய சேலையைக் கிழித்து ஃபேக்டரி வாசல் மூங்கிலில் கட்டி, அது பறக்கும் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து விறகு போட்டார். இரண்டு வருஷமாகப் பங்களாவில் பொட்டுப் புகை இல்லை என்று துரை ஒரு கம்பளி பரிசு கொடுத்தார். அதைப் போர்த்திக்கொண்டுதான் பிள்ளை இருமியது.

டிஸ்பென்சரி டாக்டர் மரம் செடி உள்ள இடத்தில் கொஞ்ச நாள் வைத்திருக்கச் சொன்னார். எங்கே என்று கேட்டேன். ஜன்னல் வழியே பங்களா மேட்டைக் காட்டினார். போனேன். பங்களா கேட்டுக்கு வெளியே மர நிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்ததற்கே பிள்ளைக்கு இழுப்பு அடங்கியது. அதற்குள் வாட்ச்மேன் விரட்டிவிட்டான்.

விறகுக்கு ஒரு கூரை கேளுங்கள் என்று வீட்டுக்காரரிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன்.

"தொர கம்பளி குடுத்துருக்காரு. அவர்ட்டயே போயிக் கொற சொல்லச் சொல்றியா?" என்றார்.

மறுநாள் காலை கொழுந்தெடுக்கப் போகும் வழியில், அந்தத் துணியின் நுனியில் நூலைக் கட்டி, பள்ளத்துப் பக்கத்து வேலியோடு இழுத்து முடிந்தேன். அடுப்படியிலிருந்து வாசலுக்கு வந்து துணியைப் பார்த்த வீட்டுக்காரர், காற்று கீழே இறங்குகிறது என்று நம்பி, பத்து மணிக்கே ஈர விறகைத் திணித்தார். புகை மொத்தமும் மேட்டுக்கு ஏறியது. புல்தரையில் உட்கார்ந்திருந்த துரைசானி இருமினாராம். அரை மணி நேரத்தில் டாக்டர் ஜீப் மேலே போனது. மத்தியானம் போய் நூலை அவிழ்த்துவிட்டேன்.

மூன்றாம் நாள் விறகுக்குத் தகரக் கூரை வந்துவிட்டது. என் பிள்ளை ஒன்பது மாதம் இருமியும் வராத தகரம், அந்தம்மா ஒரு காலை இருமியதற்கு வந்தது. சந்தோஷப்படுவதா, வயிறெரிவதா என்றே தெரியவில்லை. கம்பளியைத் துரை திருப்பி வாங்கிக்கொண்டார்.

விறகு காய ஒரு மாதம் ஆனது. வீட்டுக்காரர் மட்டும் இன்னும் புலம்பிக்கொண்டிருந்தார்.

"துணி எப்படிப் புள்ள பொய் சொல்லும்? நல்ல கம்பளி போச்சே."

"போகட்டும். மெதுவாப் பேசுங்க," என்றேன். "சாந்தா படுத்துத் தூங்குறா."