நடுவில் எட்டு சைபர்

பூட்டுக் கம்பெனியின் முகப்புக்கான எண்ணைப் பெரியப்பா தானே பொறுக்கியெடுத்தார். வீட்டிலும் அவரை "சேர்மன்" என்றுதான் கூப்பிட வேண்டும், குளியலறைக் கதவைத் தட்டும்போதுகூட.

எண், நூறு கோடியே ஒன்று. ஆளுயர எஃகில் 1000000001. அதன் கீழே, "பகா எண்ணைப்போல் பிரிக்க முடியாத குடும்பம்."

"ரெண்டால வகுத்தேன், மூணால வகுத்தேன், அஞ்சாலயும் பாத்துட்டேன். போகல. அதுக்கு மேல எவன் பாக்கப் போறான்?" என்று சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். "தலையில இருக்கிற ஒண்ணு நான். கடைசி ஒண்ணு என் பையன்."

"நடுவுல இருக்கிற எட்டு சைபரும் நாங்களா சேர்மன்?" என்றாள் அவருடைய தம்பி மகள். சித்தப்பாவுக்குப் புரையேறியது.

அவள் கல்லூரியில் கணக்கு டீச்சர். அப்பா போன பிறகு, அம்மாவோடு கல்லூரிப் பக்கம் இரண்டு அறை வீட்டுக்குப் போக வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியப்பா அசையவே இல்லை. இப்போது இறங்கி வந்தார்.

"முகப்புத் திறப்பு விழா மேடையில இது பகா எண்ணுன்னு நீ சொல்லு. டீச்சர் சொன்னா எடுபடும். அப்புறம் உங்க தனிவீட்டைப் பத்திப் பேசலாம்."

அடுப்படியில் அம்மா கெஞ்சினாள். "சொல்லித் தொலையேன்டி."

"ஏழால போகுதும்மா."

"போனா போகட்டும். உனக்கென்ன?"

"நாளைக்கு என் கிளாஸ்ல ஒரு பொண்ணு வகுத்துக் காட்டினா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?"

விழாவன்று திரை விலகியது, கைதட்டல் கிளம்பியது. அவள் மைக்கை வாங்கினாள். ஷிப்டு விவரம் எழுதும் கரும்பலகையை மேடைக்குத் தூக்கி வரச் சொன்னாள். துடைத்தாள். ஏழால் வகுக்க ஆரம்பித்தாள். இரண்டு வரி போவதற்குள் தொழிலாளர்கள் பின்பாட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்கள். "எட்டு போடுங்க டீச்சர்! அடுத்து அஞ்சு!" 142857143 என்று விடை வந்து நின்றது.

"மீதி ஒண்ணுமில்ல. பதினொண்ணாலயும் பிரியும், பதிமூணாலயும் பிரியும். இது பகா எண் இல்ல."

பெரியப்பா மைக்கைப் பிடுங்கினார். "நம்ம குடும்பத்துல ஏழால வகுக்கிற வழக்கமே கிடையாது!"

முன்வரிசை பழக்கதோஷத்தில் கைதட்டியது. அவர் மைக்கை மறைத்துக்கொண்டு பல்லைக் கடித்தார். "திருத்திச் சொல்லு. இல்லேன்னா வீட்டு வாசப்படிய தாண்டி நீங்க வெளிய போக முடியாது."

"போகலாமான்னு இத்தனை நாள் கேட்டேன். அதான் தப்பு," என்றாள் அவள், மைக்குக்குக் கேட்கும்படியாகவே. "இப்பக் கேக்கல, சொல்றேன். நாங்க போறோம்."

பெரியப்பா கூட்டத்தில் அம்மாவைத் தேடினார். அவளாவது கையைப் பிசைவாள் என்று நினைத்திருப்பார். அம்மா அதற்குள் மேடைப் படியில் பாதி ஏறியிருந்தாள்.

"ஏன்டி, இங்கேயே நின்னா எப்படி? இருட்டினா வண்டிக்காரன் வர மாட்டான். பீரோவ நாம ரெண்டு பேரும் எறக்கவும் முடியாது."

"நான் எதுக்கு இருக்கேன் அண்ணி?" என்று சித்தப்பா சட்டைக் கையை மடித்தார்.