புரட்டாசிக் கையிருப்பு

பிரேதத்தைக் குளிப்பாட்டக் குடங்களில் நீர்மாலைத் தண்ணீர் எடுக்கப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. அதற்குள் மந்திரமூர்த்தி கொண்டுவந்த மாலையைப் போட்டுவிட்டு, நேராக அடுப்படி வாசலுக்கு வந்து முத்துவடிவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

மோட்டார் கம்பெனி மானேஜர். இரண்டு வருஷமாக இந்தத் தெருப்பக்கம் தலைகாட்டாதவர்.

"தாயி, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். உங்கப்பா பிள்ளைவாள் ஒரு கணக்குப் போட்டு வச்சிருந்தாவல்லா, மாசாமாசம் கம்பெனியில ரொக்கம் எவ்வளவு நிக்கும்னு. அது எங்கன இருக்கு?"

முத்துவடிவு திரும்பிப் பார்த்தாள். பட்டாசாலையில் அப்பா கிடந்தார். விடியற்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், வைத்தியர் வருவதற்குள் போய்விட்டார். அம்மா கால்மாட்டில் அழக்கூடச் செய்யாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா ஆறுமுகநயினார் பதினாறு வருஷம் அந்தக் கம்பெனியில் கணக்கெழுதியவர். குற்றாலத்துக்கும் ஆலங்குளத்துக்கும் பஸ், மலைத் தோட்டங்களுக்கு லாரி. ஐந்தொகையில் வருஷா வருஷம் லாபம்; டைரக்டர்கள் அதைப் பார்த்துப் பங்குக்காரர்களுக்கு ஈவு கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அவர் ஒருத்தர்தான் அந்த லாபத்தைப் பிரித்துப் பார்த்தார். லாரி வாடகையில் பாதிக்குமேல் தோட்டக்காரர்கள் கடன் சொன்னது. பில் எழுதிய அன்றைக்கே லாபத்தில் ஏறிவிடும். காசு வந்துசேர ஒன்பது மாசம், பத்து மாசம். டயருக்கும் பெட்ரோலுக்கும் பாங்கித் தவணைக்கும் அப்படிச் சொல்ல முடியாது, ரொக்கம் எண்ணி வைக்க வேண்டும். ஐந்து வருஷக் கணக்கை அருகருகே வைத்து, இனி மூன்று வருஷத்துக்கு எந்த மாசம் எவ்வளவு வரும், எவ்வளவு போகும் என்று எழுதிக்கொண்டுபோய் டைரக்டர்கள் முன்னால் வைத்தார்.

"பிள்ளைவாள் ஜோசியம் பாக்க ஆரம்பிச்சிட்டாரே" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாசமே, கண் சரியில்லை என்று சொல்லி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கண் சரியில்லாதது வாஸ்தவம்தான். அதனால் முத்துவடிவு வாசிப்பாள். பங்குக்காரன் என்ற முறையில் அவள் புருஷன் அய்யாக்குட்டிக்குத் தபாலில் கம்பெனி அறிக்கை வரும். அதை அவள் வரிவரியாகப் படிக்க, அப்பா கண்ணை மூடிக் கேட்டு மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்துச் சொல்லுவார், அவள் எழுதுவாள். அவளுடைய ஒன்பது பவுன் சங்கிலிதான் அந்தப் பங்காக மாறியிருந்தது. "வித்துருங்கட்டி" என்று எத்தனையோ தடவை சொன்னார். அய்யாக்குட்டி கேட்கவில்லை. "ஈவு வருதுல்லா? உங்கப்பாவுக்கு வேலை போன கோவம்" என்றான். இருவருக்கும் நடுவில் கிடந்து அவள்தான் அல்லாடினாள்.

"இப்பம் அந்தக் கணக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்றாள் முத்துவடிவு.

மந்திரமூர்த்தி குரலைத் தாழ்த்தினார். "இந்தப் புரட்டாசியில முந்நூறு ரூவாகூட நிக்காதுன்னு அன்னைக்கே டைரக்டர்க முன்னால சொன்னாவ. நேத்து பெட்டியை எண்ணினோம். இருநூத்தித் தொண்ணூத்தி நாலு. நாளைக்குத் தவணை கேட்டுப் பாங்கிக்காரன் வாரான். தப்பிக்க ஏதாவது வழி எழுதியிருந்தாவன்னா..."

அய்யாக்குட்டி எப்போது பின்னால் வந்து நின்றான் என்று தெரியவில்லை. "அப்பம் எங்க பங்கு?" என்றான்.

மானேஜர் கையை விரித்தார்.

முத்துவடிவு இருவரையும் பார்த்தாள். கத்தலாம். கத்தினாலும் அப்பாவுக்காக அழுகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

"வழி எழுதியிருந்தாவ" என்றாள். "ஈவை நிறுத்தணும், ஆடிக்குள்ள பழைய லாரி ரெண்டை வித்துரணும், தோட்டத்துக்காரங்ககிட்ட பாதி வாடகையை முன்கூட்டியே வாங்கணும்னு. நாந்தான் எழுதினேன். சித்திரையில உங்க பேருக்கு ரிஜிஸ்டர் தபால் போட்டோம். வரலியா?"

"வந்துச்சு தாயி."

"படிச்சியளா?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "பிரிக்கல."

தெருவில் சங்குச் சத்தம் கேட்டது. நீர்மாலை வந்துவிட்டது.

"அப்பம் ஆபீசுலதான் இருக்கும். போய்ப் பிரிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் அப்பாவிடம் போனாள்.

பதினொரு மணிக்குப் பாடை புறப்பட்டது. அய்யாக்குட்டி முன்பக்கம் தோள் கொடுத்தான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெண்கள் தெருமுக்கு வரைக்கும் போய் நின்றுகொண்டார்கள். எதிரே குற்றாலம் போகிற கம்பெனி பஸ், பாடை தாண்டுவதற்காக ஓரம்கட்டி நின்றது. டிரைவர் இஞ்சினை நிறுத்தவில்லை; பெட்ரோல் எரிந்துகொண்டே இருந்தது.

இருபது பேர் உட்காரும் வண்டி. முத்துவடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, உள்ளே இருந்த தலைகளை அப்பா மாதிரி மனசுக்குள்ளேயே எண்ணினாள். ஆறு பேர் இருந்தார்கள்.